முழங்கால் வலி: மாத்திரையா, ஊசியா, பிசியோவா, ஆபரேஷனா?

"அம்மாவுக்கு 62 வயசு. மூணு வருஷமா முழங்கால் வலி. எக்ஸ்ரே பார்த்துட்டுத் தேய்மானம்னு சொல்லிட்டாங்க. ஒரு டாக்டர் ஊசி போடலாங்கிறார், இன்னொருத்தர் மூட்டையே மாத்திடலாங்கிறார், பக்கத்து வீட்டு அக்கா கரண்ட் வச்சா சரியாயிடுங்கிறாங்க. நாங்க எதைச் செய்யறது?"

வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு வயதும் வருடக்கணக்கும் மாறும், கேள்வி மாறுவதில்லை.

நான் மதுரையில் 18 வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பிசியோ செய்பவள் பிசியோவைத்தானே சிபாரிசு செய்வாள் என்று நீங்கள் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதனால் பிசியோ எங்கே கைகொடுக்காது, எங்கள் தொழிலிலேயே உங்கள் காசு எங்கே வீணாகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பேசப்போவது ஐம்பது வயதுக்கு மேல் மெதுவாக வந்து சேரும் தேய்மான வலியைப் பற்றி. எல்லா முழங்கால் வலியும் அதுவல்ல. மூட்டு சிவந்து, சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை, மூட்டு பூட்டிக்கொண்டது போல நீட்டவோ மடக்கவோ வரவில்லை, கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாலும் டாக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் விரல்கள் உட்படப் பல மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இறுகிக்கிடந்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலியும் தனி ரகம். இவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படும்.

## எதை வைத்து எடைபோடுவது?

"எது வலியைச் சீக்கிரம் குறைக்கும்?" என்று மட்டும் கேட்டால் ஊசிதான் ஜெயிக்கும். அதனால் அந்த ஒரு கேள்வியோடு நிற்காமல் இன்னும் ஐந்தையும் கேட்கச் சொல்வேன்.

குறைந்த வலி எத்தனை நாள் குறைந்தே இருக்கும்? வலி குறைந்ததோடு மாடிப்படி ஏறுவது, பஸ் ஏறுவது, தரையிலிருந்து எழுந்திருப்பது எளிதாகிறதா? அவருக்கு ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷர், சிறுநீரகம், வயிற்றுப்புண் இவற்றோடு இந்தச் சிகிச்சை ஒத்துப்போகுமா? பில்லில் வராத செலவு என்ன: ஆட்டோ, கூட வரும் மகன் மகளின் லீவு, கடை அடைத்த நாட்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, சரிப்பட்டு வரவில்லை என்றால் பழைய இடத்துக்குத் திரும்பி வேறு வழியில் போக முடியுமா?

இதை எல்லாம் ஒருவரை வைத்துச் சொன்னால் விளங்கும். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா. வயது 60. விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்து, காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் இரவு வரை அதே இடம். சுகரும் உண்டு, பிரஷரும் உண்டு. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இடதுபக்கம் அதிகம்.

என்னிடம் வந்தபோது ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை அட்டைகள் வைத்திருந்தார். எக்ஸ்ரேயை எடுக்கப்போனவரை, "அது இருக்கட்டும்மா, கையை மாருக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு இந்த நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருங்க" என்றேன். 30 நொடியில் ஐந்து தடவைதான் முடிந்தது. 60 வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது பன்னிரண்டு தடவை வர வேண்டும். முழங்காலுக்கு மேலே உட்பக்கம் தொட்டுப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்கச் சொன்னாலும் அந்தத் தசை பிழிந்து போட்ட ஈரத்துணி போலத் தொளதொளத்தது.

"வலி முழங்கால்ல இருக்கும்மா. பலம் போனது தொடையில."

"கால் வலிக்குதுன்னுதானே பாப்பா நடக்காம உட்கார்ந்தே இருக்கேன்?"

தேய்மான வலியின் சுழல் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. வலி வந்ததும் நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறைந்ததும் தொடைத் தசை வற்றுகிறது. ஒவ்வொரு அடியிலும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய தசை வற்றியதும் அந்தச் சுமை நேராக மூட்டில் இறங்குகிறது. வலி இன்னும் கூடுகிறது. எந்தச் சிகிச்சையைப் பற்றி யார் சொன்னாலும், இது இந்தச் சுழலை எங்கே அறுக்கிறது என்று கேட்டுப்பாருங்கள்.

## மாத்திரையும் தைலமும்

மாத்திரையின் பலம் வேகம். ஒரு மணி நேரத்தில் வலி தணியும், விலையும் குறைவு. ஊருக்குப் போக வேண்டும், வீட்டில் விசேஷம், திடீரென வலி கூடிவிட்டது என்றால் டாக்டர் சொன்ன அளவில் சில நாள் எடுப்பதில் தப்பில்லை.

சிக்கல் அது பழக்கமாவதில்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைச் சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இவை வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிரஷருக்காகச் சில வகை மாத்திரைகளையும், கூடவே நீர் பிரியும் மாத்திரையையும் எடுப்பவர் வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்க அடி. பூக்கார அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். சுகருக்கு ஒரு டாக்டர், கால் வலிக்கு ஒரு மருந்துக்கடை. அவருக்கு இவர் கொடுத்தது தெரியாது. அந்த மஞ்சப்பையை அப்படியே அவருடைய சுகர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னதுதான் அன்று நான் செய்த முதல் வேலை.

இதே டைக்ளோஃபெனாக்கை ஜெல்லாக மேலே தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருக்கும் மூட்டு என்பதால் ஜெல் நன்றாகவே வேலை செய்கிறது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து என்றால் முதலில் இந்தப் பூச்சுதான் என்கிறது. வயதானவர்களுக்கு மாத்திரைக்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

தைலம், ஒத்தடம், முடக்கத்தான் தோசை பற்றியும் கேட்பீர்கள். வெந்நீர் ஒத்தடமும் இதமாகத் தேய்ப்பதும் இறுக்கத்தைத் தளர்த்தும், கெடுதல் இல்லை. ஒத்தடம் கொடுத்துவிட்டு உடற்பயிற்சி செய்தால் இன்னும் நல்லது. சுகர் உள்ளவர்கள் மட்டும் சூட்டைக் கவனிக்க வேண்டும், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வருவது தெரியாது. முடக்கத்தான் தோசையை ருசிக்குச் சாப்பிடுங்கள். ஆனால் "மூணே நாள்ல வலி போயிடும்" என்று விற்கிற பெயரில்லாத பொடிகளின் பக்கம் போகவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த பொடிதான் அவ்வளவு வேகமாக வேலை செய்யும். முகம் உப்பி, சுகர் எகிறி, எலும்பு மெலிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## மூட்டுக்குள் போடும் ஊசி

ஊசி என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருட்களைச் சொல்கிறார்கள். எதைப் போடப்போகிறார்கள் என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

முதலாவது ஸ்டீராய்டு. நீர்கோத்து வீங்கிய மூட்டில் நல்ல பலன் தரும். ஆனால் நிம்மதி சில வாரம், அதிகம் போனால் மூன்று மாதம். 2020இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் நடந்த ஒரு ஆய்வு இதைப் பிசியோவோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது. 156 பேர். வலியையும் அன்றாட நடமாட்டத்தையும் சேர்த்து 240 வரை மதிப்பெண் போடும் அளவுகோல், கூடினால் மோசம். இரண்டு குழுவும் தொடக்கத்தில் 107, 108 என்ற அளவில் இருந்தன. ஒரு வருடம் கழித்து ஊசிக் குழுவின் சராசரி 55.8, பிசியோ குழுவின் சராசரி 37. இரண்டு பக்கமும் குணம் தெரிந்தது. பிசியோ பக்கம் அதிகம் தெரிந்தது.

ஒரு தடவை போட்டால் பரவாயில்லை, திரும்பத் திரும்பப் போட்டால்? 2017இல் வெளிவந்த ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு (மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான உறை) அதிகம் தேய்ந்திருந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமும் இல்லை. பில்லில் வராத செலவு இது. இன்னொன்றும் உண்டு. சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் அளந்து பார்க்க ஆள் வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யும் எண்ணம் இருந்தால், தொற்று அபாயத்தால் ஊசிக்குப் பின் மூன்று மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். "இப்போ ஒரு ஊசி, அடுத்த மாசம் ஆபரேஷன்" என்று திட்டம் போட முடியாது.

இரண்டாவது, ஜெல் ஊசி. சேவல் கொண்டையிலிருந்து எடுத்தது என்று சொல்வார்களே, அந்த ஹயலுரானிக் அமிலம். பல ஆயிரம் ஆகும். நைஸ் வழிகாட்டுதல் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

மூன்றாவது, நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் போடும் பிஆர்பி. இப்போது ஊரெங்கும் விளம்பரம் இதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்து உப்புநீர் ஊசியைவிட இது வலியையும் குறைக்கவில்லை, குருத்தெலும்பையும் காக்கவில்லை. கடன் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டிய சிகிச்சை இது இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஊசி சரியான தேர்வாகும் இடம் ஒன்று உண்டு. வலியும் வீக்கமும் பயிற்சியையே தொடங்க விடாத அளவுக்கு இருந்தால், ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு, அது தரும் சில வார அவகாசத்தில் தொடையைப் பலப்படுத்தத் தொடங்கிவிடலாம். அந்த அவகாசத்தை ஓய்வெடுத்துக் கழித்தால் ஊசியே வீண்.

## பிசியோ

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் ஊரில் பிசியோ என்றால் "கரண்ட் வைக்கிறது" என்று அர்த்தமாகிவிட்டது. படுக்க வைத்து, நான்கு ஈரப் பஞ்சை முழங்காலைச் சுற்றிக் கட்டி, ஐஎஃப்டி மெஷினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அல்ட்ராசவுண்டை ஐந்து நிமிடம் தேய்த்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்புவது. பத்து சிட்டிங் ஒரு பேக்கேஜ். அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் தொடையில் ஒரு இழை தசையும் கூடாது. டென்ஸ், அல்ட்ராசவுண்ட், ஐஎஃப்டி போன்ற மின்சிகிச்சைகளுக்குத் தேய்மானத்தில் போதிய ஆதாரம் இல்லை, தர வேண்டாம் என்று அதே 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. மேலே நான் சொன்ன ராணுவ மருத்துவமனை ஆய்வில் ஜெயித்தது மெஷின் இல்லை, கையால் மூட்டை இளக்குவதும் பயிற்சியும்தான். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் வருகிறவர்களுக்கெல்லாம் மெஷினைக் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் என்னிடம் வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

சரி, உண்மையான பிசியோ எப்படி இருக்கும்? பூக்கார அம்மாவுக்குச் செய்ததையே சொல்கிறேன்.

முதல் வாரம் முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னேன். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பூ வியாபாரத்துக்கு நடுவிலும் செய்யலாம். அடுத்து, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை மடங்காமல் ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது. அது எளிதானதும் அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டித் தூக்கினார். ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்புத் தசைக்கு. இடுப்பு பலமில்லாதவருக்கு நடக்கையில் முழங்கால் உள்பக்கம் சாயும் என்பதால் இதை விடக்கூடாது. மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலியில் எழுந்து உட்காருவது. முதலில் தலையணை போட்ட உயரமான நாற்காலி, பிறகு தலையணை இல்லாமல். அப்புறம் ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாளாவது கொஞ்சம் திணறும் அளவுக்கு.

"செய்யும்போது வலிக்குதே, நிறுத்திரவா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை, ஆனால் அது மறுநாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. "எலும்பு உரசிக்கிட்டிருக்கும்போது ஆட்டினா இன்னும் தேயாதா?" என்பது அடுத்த பயம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது பஞ்சு போல அமுங்கி விரிந்துதான் அது மூட்டு நீரிலிருந்து ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. அளவான அசைவு அதற்குச் சாப்பாடு.

எடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊன்றுகோலை வலது முழங்கால் வலிக்கு இடது கையில் பிடிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. செலவே இல்லாத திருத்தம் அது.

இனி பிசியோவின் குறைகள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் தசை நோவும் சேர்ந்துகொள்வதால், "முன்னைவிட வலிக்குது" என்று பாதியில் நின்றவர்கள் ஏராளம். பயிற்சியை விட்டுவிட்டால் பலனும் மாதக்கணக்கில் கரைந்துபோகும். பல் தேய்ப்பது போலத் தொடர வேண்டிய காரியம் இது. மூட்டு மிகவும் வளைந்து, எலும்போடு எலும்பு ஒட்டிய நிலையில் இருப்பவருக்குப் பயிற்சி ஓரளவுதான் உதவும்.

செலவு என்று பார்த்தால், எங்கள் பக்கம் கிளினிக்கில் ஒரு தடவைக்கு 250 முதல் 400 ரூபாய், வீட்டுக்கு வந்தால் அதைவிடக் கூடுதல். பெரிய செலவு ஆட்டோவும் கூட வருபவரின் நேரமும்தான். தேய்மானத்துக்குத் தினமும் கிளினிக்குக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை வந்து, சரியாகச் செய்கிறோமா என்று பார்த்து, அடுத்த படியைக் கற்றுக்கொண்டு போய் வீட்டில் செய்தால் போதும். மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு வருகைக்கு மேல் தேவைப்படாது. அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இலவசம், காத்திருக்கும் நேரம்தான் விலை. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதியலாம். செல்போனில் வீடியோ பார்த்துச் செய்வதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு மேல்தான். ஆனால் முதல் தடவையாவது ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். காலைத் தூக்கச் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பால் இழுப்பவர்கள்தான் அதிகம், பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

போகிற இடத்தில் ஒன்றைக் கேளுங்கள்: "வீட்டில் நான் என்ன செய்யணும்?" பதில் ஒத்தடம் மட்டும்தான் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

## துளை போட்டுச் சுத்தம் செய்வது

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு, சின்னத் துளை போட்டுச் சுத்தம் பண்ணிடலாம்" என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. இங்கே ஜவ்வு என்பது மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சிலருக்கு உண்மையாகவே மூட்டைக் கழுவிச் சுரண்டினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பலன்தான். 2013இல் வந்த ஆய்வில், தேய்மானத்தோடு ஜவ்வுக் கிழிசலும் உள்ள 351 பேரில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் பிசியோவில் தொடங்கியவர்களுக்கும் ஆறு மாதத்தில் நடமாட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிசியோ பக்கத்தில் 30 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிசியோவில் தொடங்கினால் அந்த வாசல் திறந்தே இருக்கும். வெட்டி எடுத்த ஜவ்வைத் திரும்ப வைக்க முடியாது.

ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலர் முழங்காலிலும் கிழிசல் தெரியும். அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கபடி ஆடி முழங்காலைத் திருப்பிக்கொண்ட இருபது வயதுப் பையன், மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாதவர், இவர்கள் கதை வேறு. அவர்கள் சர்ஜனைப் பார்க்கத்தான் வேண்டும்.

## மூட்டு மாற்று ஆபரேஷன்

தேவைப்படுபவருக்கு இது பெரிய வரம். ராத்திரி தூங்க முடியாமல் தவித்தவர்கள் ஆறு மாதத்தில் நடைப்பயிற்சிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். மாற்றிய மூட்டுகளில் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். நேர் ஒப்பீடும் இருக்கிறது. 2015இல் டென்மார்க்கில், ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேரில் பாதிப் பேருக்கு மூட்டை மாற்றினார்கள், பாதிப் பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து என 12 வாரம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் ஆபரேஷன் பக்கம் 85 சதவீதம், மறுபக்கம் 68. ஆபரேஷன்தான் ஜெயித்தது, சந்தேகமில்லை. ஆனால் தீவிரமான பக்கவிளைவுகள் அங்கே 24, இங்கே 6. பயிற்சிப் பக்கம் இருந்தவர்களில் கால்வாசிப் பேர் மட்டுமே அந்த ஒரு வருடத்துக்குள் மூட்டை மாற்றிக்கொண்டார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று 54,720 ரூபாயும் வரியும். அது மூட்டின் விலை மட்டும். தனியாரில் அறை, சர்ஜன், மயக்க மருந்து எல்லாம் சேரும்போது லட்சங்களாகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதலில் பெரியாஸ்பத்திரி ஆர்த்தோ பிரிவில் கேட்டுவிட்டு அப்புறம் நகையை அடகு வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

யாரும் எடுத்துச் சொல்லாத செலவுகள் மூன்று. ஒன்று, பெரும்பாலும் சம்மணம் போடக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, இந்தியக் கழிப்பறை ஆகாது என்பார்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்தே பிழைக்கும் பூக்காரருக்கு இது பிழைப்பையே மாற்றும் விஷயம். இரண்டு, வீட்டில் ஒருவர் குறைந்தது ஒரு மாதம் கூடவே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பிசியோ வேண்டாம் என்று ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் மறுநாளே பிசியோவில்தான் நிற்கப்போகிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் மடக்கி நீட்டும் பயிற்சியை விட்டவர்களுக்கு லட்ச ரூபாய் மூட்டு மடங்காமல் இறுகிக்கிடக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் எப்போது | எவ்வளவு நாள் | மறைந்திருக்கும் செலவு | திரும்பி வர முடியுமா |
|---|---|---|---|---|
| வலி மாத்திரை | ஒரு மணி நேரத்தில் | போடும்வரை | வயிறு, சிறுநீரகம், பிரஷர் | நிறுத்தலாம், பாதிப்பு தங்கக்கூடும் |
| ஜெல் பூச்சு | சில நாள் | தடவும்வரை | தோல் அரிப்பு | முடியும் |
| ஸ்டீராய்டு ஊசி | சில நாள் | சில வாரம் | சுகர் ஏற்றம், அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு | ஒரு தடவை என்றால் முடியும் |
| பயிற்சியோடு பிசியோ | 6–12 வாரம் | தொடரும்வரை | நேரம், பொறுமை, கூட வர ஆள் | முடியும் |
| மூட்டு மாற்று | 3–6 மாதம் | பல வருடம் | வீட்டு மாற்றம், ஆள் துணை, தரையில் உட்காரும் பழக்கம் | முடியாது |

## யாருக்கு எது

நடந்தால் வலி, உட்கார்ந்தால் குறைவு, மாடி ஏறக் கஷ்டம், ஆனால் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார் என்றால் மூன்று மாதம் பயிற்சி, எடைக் குறைப்பு, ஜெல் பூச்சு. எக்ஸ்ரேயில் நான்காம் நிலை, அதாவது முற்றிய தேய்மானம் என்று எழுதியிருந்தாலும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். படத்தில் மோசமாக இருந்து வலி குறைவாக இருப்பவர்களும் உண்டு, நேர்மாறாக இருப்பவர்களும் உண்டு. சிகிச்சை படத்துக்கு இல்லை, ஆளுக்கு.

மூட்டில் நீர்கோத்து, பயிற்சியைத் தொடங்கவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் ஒரு ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேசி, அதற்கு அடுத்த வாரமே பயிற்சி. சிறுநீரகப் பாதிப்போ வயிற்றுப்புண்ணோ உள்ளவர் மாத்திரையை மறந்துவிட வேண்டும், அவருக்குப் பயிற்சியும் பூச்சும்தான் முதல் வழி. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிறது, கால் வில் போல வளைந்துகொண்டே போகிறது, தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்று. அந்தக் கட்டத்தில் "இன்னும் கொஞ்ச நாள் பிசியோ பாருங்க" என்று நான் சொன்னால் அது துரோகம்.

பூக்கார அம்மா மூன்று மாதத்தில் 11 தடவை வந்தார். இப்போது தரையில் உட்காருவதில்லை. முட்டி அளவு உயரமுள்ள பிளாஸ்டிக் ஸ்டூல், பூக்கூடைக்கு ஒரு மரப்பெட்டி. நாற்காலியில் எழுந்து உட்காரும் எண்ணிக்கை 5லிருந்து 13 ஆகியிருக்கிறது. வலி மாத்திரையை அவருடைய சுகர் டாக்டரே நிறுத்திவிட்டார். வலது முழங்கால் தொந்தரவில்லாமல் இருக்கிறது. இடதுபக்கம் ராத்திரி வலி விடவில்லை, ஆர்த்தோ டாக்டரும் நானும் பேசி மூட்டை மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

"வைகாசி முகூர்த்தம் முடியட்டும் பாப்பா, அப்புறம் படுத்துக்கறேன்" என்றார். சரி என்றேன். அதுவரை உப்புப் பாக்கெட்டை அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவாக்கியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன் தொடையில் இருக்கும் பலத்தை வைத்துத்தான் அதற்குப் பின் அவர் எழுந்து நடப்பார்.